வீரன் சன்னிதியில் ஒரு சயாம் மன்னர்

இந்த மாலைப்பொழுதின் மாண்புக்குத் தலைமை தாங்கி, என் பேச்சு எப்போது முடியும் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆலயத் தலைவர், செல்லாயி பெற்ற செல்வர், அன்புத் தம்பி நடராஜா அவர்களே! பால்மரக் காட்டில் பாதி வாழ்வைச் சீவிவிட்டு மீதி வாழ்வோடு முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பந்தலின் இடப்பக்கம் முழுவதையும் பட்டுப்புடவையால் நிரப்பியிருக்கும் தாய்மார்களே! அந்தத் தாய்மார்களுக்கெல்லாம் மூத்தவராக நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் எங்கள் செல்லாயி அக்கா அவர்களே! நாளைய அன்னதானத்துக்கு அரிசி அனுப்பிவிட்டு, பேர் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்ட, ஆனாலும் நான் சொல்லத்தான் போகிற, மளிகைக் கடை ஷம்சுதீன் அவர்களே! புக்கிட் செலம்பாவிலிருந்தும் மெர்போக்கிலிருந்தும் மோட்டார் ஏறி வந்து, உள்ளே வரலாமா, அப்படியே திரும்பிப் போகலாமா என்று பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இளைஞர்களே! உள்ளே வாருங்களய்யா, கடிக்க மாட்டேன். அனைவருக்கும் இந்தப் பழனியாண்டியின் பணிவான, ஆனால் முதுகு வளையாத வணக்கம்.

முதுகு வளையாத வணக்கம் என்று ஏன் சொன்னேன்? அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நாளை நம் கருங்காலித் தோட்டத்து மதுரை வீரன் கோயிலுக்குக் குடமுழுக்கு. எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, வீரனின் பெருமை. அருமையான தலைப்பு. ஆனால் போன வாரம் கோயில் ஸ்டோருக்குப் போனேன். மூலையில், பெயிண்டு டின்களுக்குப் பின்னால், கோணிச்சாக்கில் சுற்றி ஒரு படம் கிடந்தது. பிரித்துப் பார்த்தேன். நேரே தலைவரிடம் போய், ‘என்னப்பா இது?’ என்று கேட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

“மாமா, அது சாமி படம் இல்லலா. சயாம் ராஜா படம். கும்பாபிசேகத்துக்கு அப்புறமும் உள்ள வெச்சிருந்தா, வெளியூர்லேருந்து வர்ற நாலு பேரு சிரிப்பாங்க.”

“அப்படின்னா மேடையில அந்த ராஜாவைப் பத்திப் பேசட்டுமா?” என்றேன்.

“பேசுங்க மாமா. ஆனா சுருக்கமா.”

சுருக்கமா! என் பரம்பரையிலேயே கிடையாதய்யா அது! (சிரிக்காதீர்கள், அப்புறம் நேரம் கூடும்.)

யார் அந்த மன்னர்? சூலாலங்கோர்ன்! சயாம் நாட்டின் ஐந்தாம் ராமர்! இந்தக் கெடா மண்ணுக்கும் அவருக்கும் என்ன உறவு என்று கேட்காதீர்கள். வெள்ளைக்காரன் வாங்கிக்கொள்வதற்கு முன்னால் இந்தக் கெடா, சயாமுக்குக் கட்டுப்பட்டிருந்த பூமி. இங்கிருந்து பொன்னால் செய்த மரமும் வெள்ளியால் செய்த மரமும் கப்பமாகப் புறப்பட்டு பாங்காக் அரண்மனைக்குப் போகும். அந்தப் பொன்மரத்தைக் கடைசியாகப் பெற்ற அரசர் அவர்தான்.

பதினைந்து வயதில் பட்டத்துக்கு வந்தார். எப்படி வந்தார்? தந்தையோடு சூரிய கிரகணம் பார்க்கப் போனார். காட்டு ஓரத்தில் கூடாரம். கொசு கடித்தது. தந்தைக்கும் மகனுக்கும் ஒரே காய்ச்சல். மலேரியா! நமக்குத் தெரியாத காய்ச்சலா? நாம் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்கு லயம் ஆளை அள்ளிக்கொண்டு போன காய்ச்சல்தானே? அது அரண்மனைக்கும் போனது. தந்தை மாண்டார், மகன் பிழைத்தார். நிற்கத் தெம்பில்லாத பிள்ளையின் தலையில் நாட்டைத் தூக்கி வைத்தார்கள்.

பையன் பிழைப்பானா என்று கணக்குப் போட்டவர்கள் இருந்தார்கள். பையன் பிழைத்தான், வளர்ந்தான், கப்பலேறிச் சிங்கப்பூர் பார்த்தான், ஜாவா பார்த்தான், நம் முன்னோர் புறப்பட்டு வந்த இந்தியாவையும் போய்ப் பார்த்தான். பார்த்துவிட்டு வந்து தன் அரண்மனையைப் பார்த்தான். அங்கே என்ன கண்டான்? மனிதன் மனிதன் முன்னால் தவழ்ந்தான்! அமைச்சன் அரசன் முன்னால் தவழ்ந்தான், வேலைக்காரன் அமைச்சன் முன்னால் தவழ்ந்தான், அடிமை எல்லார் முன்னாலும் தவழ்ந்தான். முழங்காலும் முழங்கையும் தரையில் தேய, முகம் மண்ணைப் பார்க்க, நாடே நாலு காலில் நடந்தது.

இருபது வயதில் முழு அதிகாரத்தோடு மறுபடி முடி சூடினார். அரியணையில் அமர்ந்தார். அவை முழுவதும் தரையில் கிடந்தது. அரசாணை வாசிக்கப்பட்டது. இனி யாரும் தவழ வேண்டாம், எழுந்து நின்று தலை வணங்கினால் போதும்! அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். தங்கள் அரசனின் முகத்தை நின்றபடி பார்த்தார்கள். நினைத்துப் பாருங்கள் அந்தக் காட்சியை!

அடிமைத் தளையை ஒரே வெட்டில் வெட்டாமல், சிறுகச் சிறுக, ஆண்டாண்டாக, எசமானர்கள் வாளெடுக்காதபடி அறுத்தார். பள்ளிக்கூடம் தந்தார், மருத்துவமனை தந்தார், தபால் தந்தார், தந்தி தந்தார், இருப்புப் பாதை தந்தார்...

என்ன? அங்கே யாரோ கேட்கிறார்கள். எழுந்து நின்றே கேளப்பா. முருகேசு பேரனா?

“ஐயா, சயாம் ரயிலு போட்டுத்தானே எங்க தாத்தா செத்தாரு? அந்த ஊரு ராஜாவுக்கு இங்க எதுக்கு மால?”

நல்ல கேள்வி! கைதட்டுங்கள் அவனுக்கு. தம்பி, உன் தாத்தனைத் தின்ற தண்டவாளத்தை ஜப்பான்காரன் போட்டான். இந்த மன்னர் கண்மூடி முப்பது ஆண்டுக்கு மேல் ஆனபிறகு போட்டான். உன் தாத்தாவோடு என் அண்ணனும் போனான். திரும்பி வரவில்லை. சயாம் என்ற சொல்லைக் கேட்டாலே இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். அந்த எரிகிற வயிற்றோடுதான் இந்த மன்னருக்கு மாலை கேட்கிறேன். உட்கார். காரணம் சொல்கிறேன்.

ஜப்பான்காரன் வந்த புதிது. வெள்ளைக்காரத் துரை பங்களாவைப் பூட்டாமலே ஓடிவிட்டான். அரிசி கிடையாது, மரவள்ளிக்கிழங்குதான் காலையும் மாலையும். துணி கிடையாது, கோணிச்சாக்குதான் வேட்டியும் சட்டையும். சொன்னால் சிரிப்பீர்கள், அந்தச் சாக்குத் துணியோடும் திருவிழா நடத்தினோம், கும்மி கொட்டினோம். பஞ்சத்திலும் ஒருவருக்கொருவர் கிழங்கைப் பங்கு போட்ட காலம் அது. இப்போது நினைத்தாலும் அந்த மனிதர்களைத்தான் நெஞ்சு தேடுகிறது.

அப்போது நம் வீரன் கோயிலில் பூசாரி அம்மாசி. பெரிய மீசை, அதைவிடப் பெரிய கோபம். வீரன் படத்தைக் கரையான் அரித்துவிட்டது. குதிரைவால் மட்டும்தான் மிச்சம். வாலைக் கும்பிடுவதா என்று அம்மாசிக்கு ஆத்திரம். புறப்பட்டு டவுனுக்குப் போனார். ஷம்சுதீனின் வாப்பா, முகம்மது கவுஸ் பாய் கடை. சாமான் இல்லாத கடை. சுவரில் மட்டும் ஒரு கண்ணாடிப் படம் தொங்கியது. குதிரை! குதிரைமேல் கம்பீரமாக ஒருவர்! முறுக்கிய மீசை! இடுப்பில் வாள்! அம்மாசி கடைவாசலிலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“பாய்! எங்க வீரனை ஏன்யா இங்க மாட்டி வெச்சிருக்கீங்க?”

“வீரனா? எனக்கு யாருன்னு தெரியாது பூசாரி. எங்க வாப்பா காலத்துலேருந்து அங்கதான் தொங்குது. உங்களுக்கு வேணும்னா எடுத்துக்கிட்டுப் போங்க.”

தலையில் வைத்துக்கொண்டு தோட்டம்வரை நடந்து வந்தார் அம்மாசி. மேளம் கொட்டி இறக்கினோம். அப்போதே சில பேருக்குச் சந்தேகம்தான். செல்லாயி அக்காவுக்குப் பதினெட்டோ இருபதோ வயசு, அந்தக் காலத்திலேயே வாய் சும்மா இருக்காது. இல்லையாக்கா? சிரிக்கிறாரே! அவர்தான் முதலில் கேட்டார்.

“ஏன் பூசாரி, வீரனுக்கு ரெண்டு பக்கமும் பொம்மியும் வெள்ளையம்மாளும் இருக்கணுமே? இவரு ஒண்டியா இருக்காரு?”

அம்மாசி அசந்துபோகவில்லை. “அவங்க ரெண்டு பேரும் ஊர்ல இருக்காங்கம்மா. ஆம்பள மட்டும் மொதல்ல கப்பலேறி வந்திருக்காரு. உங்கப்பன் எப்படி வந்தான்?”

“அப்ப இந்தக் கோட்டு, பூட்ஸு?”

“கடல் தாண்டி வந்தவரு கோவணத்தோடவா வருவாரு?”

முடிந்தது விசாரணை! அன்றுமுதல் அவர் எங்கள் வீரன். வெள்ளிக்கிழமை தவறாமல் எலுமிச்சம்பழ மாலை. காலடியில் ஒரு கலயம் கள்ளு. படச்சட்டத்தில் வாய்க்கு நேராக ஒரு சுருட்டு. ஐந்தாம் ராமர், பாங்காக் அரண்மனையின் பேரரசர், கருங்காலித் தோட்டத்தில் சுருட்டுக் குடித்துக்கொண்டு லயத்துக்குக் காவல் இருந்தார். உலகத்தில் எந்தக் கூட்டமாவது இப்படியொரு தவறைச் செய்யுமா? நாம் செய்தோம்! மீசையும் குதிரையும் இருந்தால் அவர் நம் ஆள் என்று நம்புகிற வெள்ளைமனம் நம்மிடம்தான் இருந்தது.

பிறகு வந்தது அந்த நாள்.

ஜப்பான்காரன் கெடாவைத் தூக்கிச் சயாமிடம் கொடுத்துவிட்டான். அலோர் ஸ்டாரில் கொடி மாறியது. கொடிதான் மாறியது, துப்பாக்கி மாறவில்லை. அடுத்த ஆண்டு, பகல் வெய்யிலில், தோட்டத்துக்குள் லோரி நுழைந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லாரையும் நிற்க வைத்தார்கள். ஒரு ஜப்பான் சார்ஜன். கூடவே, புதிய ஆட்சியின் சார்பில், ஒரு சயாம் அதிகாரி. தண்டவாளம் போட்டு முடிந்தும் அதைக் காக்க ஆள் வேண்டுமாம். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிடக் கூப்பிட, லோரியில் ஏறினோம். ஆம், ஏறினோம். முருகையா ஏறினார். அவருக்குப் பக்கத்தில் நான் ஏறினேன். போனவர் யாரும் அதற்கு முன் திரும்பி வந்ததில்லை. அது எங்களுக்கும் தெரியும், கிராணிக்கும் தெரியும், அழுதுகொண்டிருந்த பெண்களுக்கும் தெரியும்.

முருகையா யார்? செல்லாயி அக்காவின் புருஷன். அப்போது அக்கா மாசமாக இருந்தார். வயிற்றில் இருந்தது யார்? இதோ, தலைவர் நாற்காலியில் இருக்கிறாரே, அவரேதான். கடிகாரத்தை இப்போது பார்க்கவில்லை, கவனித்தீர்களா?

அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தார். சயாம் அதிகாரியின் காலில் விழுந்தார். அந்த மனிதர் பதறிப் பின்னால் நகர்ந்தார். நகர்ந்தவர் களத்து ஓரத்திலிருந்த வீரன் மண்டபத்துக்குள்ளேயே போய்விட்டார். அம்மாசி தாழக் கட்டியிருந்த மணியில் தலை இடித்தது. கணீர்! தொப்பி கீழே விழுந்தது. அந்த அதிர்ச்சியில் படத்திலிருந்த சுருட்டும் கீழே விழுந்தது. குனிந்து தொப்பியை எடுத்தவர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே அவருடைய மன்னர்! கழுத்தில் எலுமிச்சம்பழ மாலை! காலடியில் கள்ளுக் கலயம்!



“சியாப்பா இனி?” என்று மலாயில் கேட்டார். இது யார் என்று கேட்டார்.

அம்மாசியின் மீசை நடுங்கியது. அவருக்குத் தெரிந்த மலாயில் சொன்னார். “எங்க காவல் சாமி, துவான். லயத்தைச் சுத்தி வந்து பாத்துக்குவாரு.”

“கீழே கிடப்பது?”

“சுருட்டு, துவான். அவருக்குப் புடிக்கும்னு...”

அதிகாரி மெல்லச் சொன்னார். “இவர் எங்கள் மன்னர்.”

அவ்வளவுதான்! மன்னருக்கா கள் வைத்தோம், மன்னருக்கா சுருட்டுச் செருகினோம் என்று குலை நடுங்கி, களத்தில் நின்ற அத்தனை பேரும் தொப்பென்று தரையில் விழுந்தார்கள். லோரியில் இருந்த நாங்கள் லோரியிலேயே விழுந்தோம். அம்மாசி தலையைத் தூக்கவே இல்லை.

அந்த அதிகாரி கத்தினார். கோபத்தில் அல்ல, அழுகை முட்டிக்கொண்டு வந்த குரலில் கத்தினார். “பங்குன்! எழுந்திருங்கள்! இவர் முன்னால் யாரும் விழக் கூடாது. விழ வேண்டாம் என்று சட்டம் போட்டவரே இவர்தான். என் தாத்தா ஒரு வீட்டில் அடிமையாக இருந்தவர். இவர் காலத்தில்தான் எழுந்து நின்றார். எழுந்திருங்கள்!”

யார் எழுந்தார்கள்? சொல்லுங்கள், யார் எழுந்தார்கள்? அம்மாசி எழுந்தாரா? இல்லை. கிராணி எழுந்தாரா? இல்லை. இந்தப் பழனியாண்டி எழுந்தானா? இல்லை! எப்படி எழுவோம்? துரை கார் வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி வாய்க்காலில் நின்று பழகிய கால் ஐயா இது. நிமிர்ந்து பார்த்ததற்கு ஜப்பான்காரனிடம் அறை வாங்கிய கன்னம் ஐயா இது. எழு என்று யாராவது சொன்னால், எதற்கோ அடிக்கத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்த கூட்டம் இது.

ஒரே ஒருத்தி எழுந்தாள். வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மண்ணை ஒரு கையால் தட்டிவிட்டுக்கொண்டு, அந்த அதிகாரியின் கண்ணுக்கு நேராகச் செல்லாயி எழுந்து நின்றாள்! நின்று கேட்டாள்.

“விழ வேணாம்னு சொன்ன ராஜா, எம் புருசனை லோரியில ஏத்திக்கிட்டுப் போவச் சொன்னாரா துவான்?”

பாதி தமிழ், பாதி மலாய். ஆனால் அதில் ஒரு எழுத்துகூட அந்த மனிதருக்குப் புரியாமல் போகவில்லை. படத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே சார்ஜனிடம் போனார்.

என்ன பேசினார்கள் என்று எங்களுக்கு முழுசாகத் தெரியாது. குரல் ஏறியது. சார்ஜனின் கை வாளுக்குப் போனது. அதிகாரி அசையாமல் மண்டபத்தையே காட்டிக்கொண்டிருந்தார். இது எங்கள் மன்னருக்குப் பூசை நடக்கிற இடம், இவர்கள் மன்னரின் கோயில் ஆட்கள், அவர் பார்த்துக்கொண்டிருக்க அவர் ஆட்களை நான் ஏற்றி அனுப்ப முடியாது என்று சொன்னாராம். கிராணி பின்னால் சொன்னது. சார்ஜன் நம்பவில்லை. தானே மண்டபத்துக்குள் போனான். படத்தைப் பார்த்தான். சீருடையில் ஒரு பேரரசர்! விடியற்காலைதோறும் எங்களையெல்லாம் கிழக்கே திருப்பித் தங்கள் மன்னனுக்குக் குனிய வைத்த படையின் ஆள் அவன். மன்னர் படம் என்றால் என்ன என்று அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. காலைச் சேர்த்து நின்றான். இடுப்பை மடித்துக் குனிந்தான். வெளியே வந்து ஒரே சொல் சொன்னான். இறங்கச் சொன்னான்.

முருகையா இறங்கினார். நான் இறங்கினேன். கால் மண்ணில் பட்டபோது அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

ஆனால் இதையும் சொல்லாவிட்டால் நான் மனிதன் இல்லை. அந்த லோரி வெறுமனே ஊர் போய்ச் சேரவில்லை. அடுத்த தோட்டத்தில் நிரப்பிக்கொண்டது. அங்கே மணியில்லை, படமில்லை, எழுந்து நிற்கச் சொல்ல ஆளும் இல்லை. அவர்களை நினைக்காமல் ஒரு வாய்ச் சோறும் நான் இன்றுவரை நிம்மதியாகத் தின்றதில்லை.

போகும்முன் அந்த அதிகாரி மறுபடி மண்டபத்துக்குள் போனார். படத்தை எடுத்துப் போய்விடுவார் என்று அம்மாசிக்குப் பயம். அவர் என்ன செய்தார் தெரியுமா? கீழே கிடந்த சுருட்டை எடுத்தார். தூசியை ஊதினார். இருந்த இடத்திலேயே திரும்பச் செருகினார். நின்று தலை வணங்கினார். போய்விட்டார். அவர் பேர்கூட எங்களுக்குத் தெரியாது. சண்டை முடிந்து சயாம் கொடி இறங்கியபோது அவரும் போயிருப்பார்.

முருகையா அதற்குப் பிறகு எத்தனையோ காலம் பால்மரம் சீவினார், பிள்ளைகளைத் தோளில் தூக்கித் திரிந்தார், இந்தக் கோயிலுக்குக் கல் சுமந்தார், வயதாகி, தன் பாயில் படுத்து, பெண்டாட்டி பிள்ளை கையால் பால் குடித்துக் கண்மூடினார். கருங்காலித் தோட்டத்து ஆம்பளைக்கு அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய பாக்கியம் இல்லை.

ஆகவே அருமைப் பெரியோர்களே! அந்த மன்னரைச் சாமி என்று சொல்ல நான் வரவில்லை. அவர் மன்னர். மன்னருக்குரிய பெருமையும் உண்டு, பிழையும் உண்டு. கெடாவை வெள்ளைக்காரனிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவரும் அவர்தான், நம்மையெல்லாம் யாரும் கேட்கவில்லை. ஆனால் தன் முன்னால் கிடந்த மனிதனை எழுந்து நில் என்று சொல்ல அரியணையில் ஒருவர் இருந்தாரே! அவர் பாங்காக்கில் சொன்ன சொல், எழுபது ஆண்டு நடந்து, இந்தப் பால்மரக் காட்டுக்கு வந்து, ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் முதுகை நிமிர்த்தியதே! அதற்குக் கோயிலில் இடம் இல்லையா? கோணிச்சாக்கில்தான் இடமா?

இன்றைக்கும் லேபர் ஆபீசுக்குப் போனால் நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டு உட்காருகிறோமே, ஏன்? பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு இடம் கேட்கப் போகிற தாய் வாசலிலேயே கும்பிட்டுக்கொண்டு நுழைகிறாளே, ஏன்? கேட்க வேண்டியதைக் கேட்கும்போது கால் ஏனய்யா மடங்குகிறது? செல்லாயி நின்று கேட்டாள், புருஷன் கிடைத்தான். நின்று கேளுங்கள்! நிமிர்ந்து கேளுங்கள்! நேரே பார்த்துக் கேளுங்கள்!

தம்பி நடராஜா, உன்னிடமும் நின்றே கேட்கிறேன். கருவறையில் வைக்க வேண்டாம். அங்கே வைத்தால் நம் ஆட்கள் விழுந்துவிடுவார்கள், விழ வேண்டாம் என்றவருக்கு அதுவே அவமானம். முன்மண்டபத்தில், அந்தப் பழைய மணிக்குப் பக்கத்தில், நிற்கிறவன் கண்ணுக்கு நேராக மாட்டு. வெளியூர்க்காரன் சிரித்தால் சிரிக்கட்டும். ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டு, உன் அப்பன் கதையைச் சொல்.

என்ன... என்ன அங்கே? அக்கா, நீங்க உட்காருங்கக்கா. முட்டி வலியோடு எதற்கு... பாருங்கள், பாருங்கள்! செல்லாயி அக்கா எழுந்து நிற்கிறார். பேத்தி கை கொடுக்கிறாள், வேண்டாம் என்கிறார். நிற்கிறார்! ஏதோ சொல்கிறார், மைக்கை நீட்டுங்களப்பா.

“டேய் நடராஜா. படத்தை எடுத்துக்கிட்டு வா. சுருட்டு மறந்துடாத.”

தலைவர் எழுந்துவிட்டார்! மேடையை விட்டு இறங்குகிறார். ஸ்டோர் பக்கம்தான் போகிறார், வழிவிடுங்கள். அவையோரே, அவர் திரும்பி வரும்வரை நாமும் எழுந்து நிற்போம். பந்தல்காலைப் பிடித்திருக்கும் தம்பிகளே, நீங்கள் ஏற்கெனவே நிற்கிறீர்கள், காலைவிட்டுக் கையை எடுத்தால் போதும்.

நிற்கச் சொன்னவருக்கும், நின்று காட்டியவளுக்கும், இத்தனை நேரம் என்னைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கும் நன்றி. நின்றபடி நான் தருகிறேன், நின்றபடி நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். வணக்கம்!